ஒரே சிலிண்டர், ஒரு கேஜில் 105, இன்னொன்றில் 145: கம்ப்ரஷன் கேஜ் ரிவியூ

இது அறுபத்திரண்டு கனடா டாலர் கொடுத்து நான் வாங்கிய ஒரு கம்ப்ரஷன் கேஜைப் பற்றிய ரிவியூ. எஞ்சின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கருவி அது. ஆனால் அந்தக் கேஜ் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்ல வேண்டுமென்றால் என் படகைப் பற்றியும், என் தூக்கத்தைக் கெடுத்த ஏழாயிரம் டாலர் எஸ்டிமேட்டைப் பற்றியும், அதற்கு முன்னால் இரவல் வாங்கிவந்த வேறொரு கேஜைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு: தாராளமாக வாங்கலாம், ஐந்துக்கு நான்கு. ஒரு மார்க்கை எதற்குக் குறைத்தேன் என்பது கடைசியில் வரும்.

நான் இருப்பது ஒன்டாரியோவில், படகு கிடப்பது சிம்கோ ஏரியில். தொண்ணூறுகளின் பின்பாதியில் வந்த ஸீ-டூ ஜெட் படகு. பின்னால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எஞ்சின், இரண்டும் ரோட்டாக்ஸ் 717. டூ-ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், 718 சிசி, 85 குதிரைத்திறன். வெளியே சுற்றும் புரொப்பெல்லர் கிடையாது, எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும், பம்பு அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும், படகு முன்னால் பாயும். அவ்வளவுதான் விஷயம். அக்டோபரில் வாங்கினேன். இங்கே சீசன் முடியும்போது படகு விலை இறங்கும், ஏனென்றால் குளிர்காலம் முழுக்க அதை எங்கே வைப்பது என்கிற தலைவலி விற்பவருக்கு இருக்கும். அந்தத் தலைவலியைத்தான் நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்பது மே மாதம்தான் புரிந்தது.

மே மாதம் தண்ணீரில் இறக்கி இரண்டு லீவரையும் முழுக்கத் தள்ளினால் இடது எஞ்சின் 6800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை சுற்று) வரை போகிறது, வலது 6100இல் நின்றுவிடுகிறது. ஸ்டார்ட் ஆகவும் வலதுக்குத்தான் கூடுதல் நேரம், சோக்கை இழுத்து இழுத்து கை வலிக்கும். ஐடிலில் ஒரு நிமிஷம் ஒழுங்காக நிற்காது.

இங்கே ஜெட் படகுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. படகு மெதுவாகப் போகிறது என்றதும் எல்லோரும் எஞ்சினைத்தான் சந்தேகிப்பார்கள். முதலில் ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். எஞ்சின் சத்தமாக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் படகு நகர மாட்டேன் என்கிறது என்றால் கோளாறு பம்பில். இம்பெல்லருக்கும் (பம்புக்குள் சுற்றும் விசிறி) அதைச் சுற்றியுள்ள வேர் ரிங்குக்கும் (தேய்வதற்கென்றே வைத்த வளையம்) நடுவே இடைவெளி கூடியிருக்கும், அல்லது கரையோரம் கல்லை உறிஞ்சி பிளேடு மடங்கியிருக்கும். எஞ்சின் சுற்றவே மாட்டேன் என்கிறது, ஆர்பிஎம் ஏறவில்லை என்றால் அப்போதுதான் எஞ்சின் பக்கம் போக வேண்டும். ஜெட் பம்பு தின்னும் சக்தி ஏறத்தாழ சுற்றும் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்றபடி கூடும், அதனால் 700 ஆர்பிஎம் குறைகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை. 6800க்கும் 6100க்கும் கணக்குப் போட்டால் வலது எஞ்சின் இடதை ஒப்பிடக் கால்பங்குக்கு மேல் சக்தியை இழந்திருக்கிறது. இரட்டை எஞ்சின் வைத்திருப்பதில் பெட்ரோல் செலவைத் தவிர ஒரு நல்லதும் உண்டு, ஒன்றைப் பார்த்து இன்னொன்றை மதிப்பிடலாம்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதனால் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். இரண்டு நாள் கழித்து ஃபோன் வந்தது: நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் நூறு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்கிற அழுத்த அளவு) சுற்றிதான் இருக்கிறது, இந்த எஞ்சினுக்கு 150 இருக்க வேண்டும், ஆகவே இரண்டையும் பிரித்து முழு ரீபில்ட், ஏழாயிரத்துச் சொச்சம், வரி தனி. நான் படகையே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துதான் வாங்கியிருந்தேன். பார்த்ததற்கு 180 டாலர் கட்டிவிட்டுப் படகை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வழியெல்லாம் ஒரே கேள்விதான் மண்டைக்குள். நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி செத்துக்கிடக்கிறது என்றால் இடது எஞ்சின் எப்படி 6800 போகிறது?

மறுநாள் பக்கத்து ஆட்டோ பார்ட்ஸ் கடைக்குப் போனேன். இங்கே சில கடைகளில் டெபாசிட் கட்டினால் கருவிகளை இரவல் தருவார்கள், திருப்பிக் கொடுத்ததும் முழுப் பணமும் வந்துவிடும், அருமையான ஏற்பாடு. சிவப்புப் பெட்டி, உள்ளே கேஜ், ஒரு ஹோஸ், நான்கைந்து அடாப்டர். எத்தனை பேர் கை பட்டதோ, ஹோஸ் எல்லாம் கிரீஸ்.

டெஸ்ட் எடுக்கும் முறையை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஒர்க்‌ஷாப்பில் பாதி தப்பு இதில்தான் நடந்திருக்கிறது. எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும். டிரெய்லரில் வைத்துச் சூடேற்றினால் தோட்டத்துக் குழாயை மாட்டி, முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து அப்புறம் தண்ணீரைத் திறக்கவும், முடிக்கும்போது முதலில் தண்ணீரை அடைத்து அப்புறம் எஞ்சினை நிறுத்தவும். மாற்றிச் செய்தால் எக்ஸாஸ்ட் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். எஞ்சின் மூடியைத் திறந்து பெட்ரோல் வாடை போகும்வரை காற்றாட விடுங்கள், படகின் அடிவயிற்றில் தேங்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும். அந்த எஞ்சினின் இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் கேப்பை அதற்கென்று எலெக்ட்ரிகல் பெட்டிமேல் இருக்கும் எர்த் முனையில் மாட்டிவிடுங்கள். சும்மா தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றினால் இக்னிஷன் பெட்டி போய்விடும், அதன் விலையைக் கேட்டால் கம்ப்ரஷன் கவலையே மறந்துவிடும். பேட்டரி முழு சார்ஜில். த்ராட்டில் முழுக்கத் திறந்த நிலையில். இதை மூன்று தடவை படியுங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே ஒழுங்காகப் போகாது, நல்ல எஞ்சினும் நோயாளி மாதிரி காட்டும். நான் ஒர்க்‌ஷாப்பில் படகைத் திருப்பி வாங்கும்போது "த்ராட்டிலைத் திறந்து வைத்தீர்களா" என்று கேட்டதற்கு அந்தப் பையன் பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

லீவர் முன்னால் ஸ்டியரிங் பக்கத்தில், எஞ்சின் பின்னால். ஆகவே ஆள் வேண்டும். அக்காள் மகன், பன்னிரண்டு வயது, அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். "லீவரை முழுசாத் தள்ளிப் பிடிச்சுக்கோ, நான் சொல்லும்போது பட்டனை அமுக்கு, நான் சொன்னா விடு." "எவ்ளோ நேரம் மாமா?" "முள்ளு ஏறுறது நிக்கிற வரைக்கும்." ஐந்தாறு சுற்று போதும், முள் முதலில் ஒரே தாவாகத் தாவி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி நின்றுவிடும்.

இரவல் கேஜில் வந்த எண்கள்: இடது எஞ்சின் 108, 107. வலது எஞ்சின் முன் சிலிண்டர் 105, பின் சிலிண்டர் 84.

முதலில் வயிற்றைக் கலக்கியது உண்மைதான், ஒர்க்‌ஷாப் சொன்னது சரி போலிருக்கிறதே என்று. ஆனால் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது அதில் இரண்டு தனித்தனிக் கதை இருப்பது தெரிந்தது. மூன்று சிலிண்டர் ஒன்றுக்கொன்று மூன்று பிஎஸ்ஐக்குள் நிற்கின்றன. இருபத்தைந்து வருஷம் ஓடிய எஞ்சினில் தேய்மானம் இவ்வளவு ஒழுங்காக, இரண்டு எஞ்சினிலும் அளந்துவைத்த மாதிரி வருமா? எல்லாமே ஒரே அளவு குறைவு என்றால் முதலில் கேஜைச் சந்தேகப்பட வேண்டும். ஒன்று மட்டும் தனியாகக் கீழே கிடந்தால் அங்கே எஞ்சினைச் சந்தேகப்பட வேண்டும்.

ஊரில் ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் கேஜ் எல்லாம் வைத்திருக்க மாட்டார். பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டையில் கட்டை விரலை வைத்து அழுத்திக்கொண்டு கிக்கரை உதைக்கச் சொல்வார். விரலைத் தள்ளிவிட்டுக் காற்று வந்தால் "கம்ப்ரஷன் இருக்கு", விரல் அப்படியே நின்றால் "ரிங் போச்சு, ரீபோர் போடணும்", அதாவது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். நானும் அதைச் செய்து பார்த்தேன், எஞ்சினைச் சுற்றும் பட்டன் மருமகன் கையில். இடது எஞ்சின் இரண்டும் விரலைத் தூக்கி எறிந்தது. வலது முன்னாலும் அப்படியே. வலது பின்னால் மட்டும் கொஞ்சம் மரியாதையாகத் தள்ளியது. எண் எதுவும் கிடைக்காது, ஆனால் எந்த சிலிண்டர் என்று விரல் சொல்லிவிட்டது.

அதன் பிறகுதான் புதுக் கேஜை வாங்கினேன். வாங்கும்முன் நான் பார்த்த ஒரே விஷயம், வால்வு எங்கே இருக்கிறது என்பது. கம்ப்ரஷன் கேஜில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும், டயர் மௌத்தில் இருப்பது மாதிரிதான் தோற்றம். சிலிண்டர் தள்ளும் காற்றை உள்ளே விட்டு, திரும்பிப் போகவிடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. என் புதுக் கேஜில் அது ஹோஸின் நுனியில், பிளக் ஓட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரவல் கேஜில் அது மேலே டயலுக்குப் பக்கத்தில். இதிலென்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நுனியில் வால்வு இருந்தால் ஹோஸுக்குள் போன காற்று அங்கேயே தங்கும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சிலிண்டரின் உண்மையான அழுத்தத்தை எட்டிவிடும். மேலே வால்வு இருந்தால் ஹோஸ் முழுக்க சிலிண்டரின் பகுதி ஆகிவிடுகிறது. பிஸ்டன் மேலே வரும்போதெல்லாம் ஹோஸையும் சேர்த்து நிரப்ப வேண்டும், கீழே போகும்போது அந்தக் காற்று திரும்ப வந்துவிடும்.

இரவல் ஹோஸில் எவ்வளவு கொள்ளும் என்று பார்க்க, குழந்தைக்கு மருந்து கொடுக்கும் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து நிரப்பினேன். பன்னிரண்டு மில்லி. பெரிய காரின் எஞ்சினில் இது அவ்வளவாகத் தெரியாது. 717இல் ஒரு சிலிண்டரே 359 சிசிதான், அதிலும் டூ-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் துளை மூடிய பிறகுதான் அழுத்தமே தொடங்கும், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் சில பத்து சிசி. அதோடு பன்னிரண்டைச் சேர்த்தால் எண் விழாமல் என்ன செய்யும்?

நம்பிக்கை வராதவர்களுக்கு இன்னொரு சோதனையும் செய்தேன். இரண்டு டயலையும் ஒரு இணைப்புத் துண்டு போட்டு ஏர் கம்ப்ரசரில் மாட்டி நூறு பிஎஸ்ஐ வைத்தேன். இரண்டுமே நூறு காட்டின, முடி அளவு வித்தியாசம். ஆக இரவல் கேஜின் டயல் பொய் சொல்லவில்லை, கோளாறு முழுக்க ஹோஸில்தான்.

புதுக் கேஜில் வந்த எண்கள், அதே நாள், அதே பேட்டரி, லீவரில் அதே மருமகன்: இடது 149, 147. வலது முன் 145, பின் 116.

எனக்கு அப்போது வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது, அந்த வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஏழாயிரம் டாலர் வேலை ஒரு எஞ்சின் வேலையாகச் சுருங்கிவிட்டது. கவனியுங்கள், பழைய கேஜில் 105க்கு 84, புதிதில் 145க்கு 116, இரண்டிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மோசமான கேஜும் வித்தியாசத்தைச் சரியாகவே சொன்னது. ஒரே எஞ்சினின் இரண்டு சிலிண்டருக்கு நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

எண்ணைப் படிக்கும்போது இன்னும் சில. குளிர்காலத்துக்கு மூடிவைக்கும்முன் சிலிண்டருக்குள் ஃபாகிங் ஆயில் (துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் எண்ணெய்) அடித்திருப்பீர்கள், வசந்தத்தில் எடுத்ததும் டெஸ்ட் செய்தால் அந்த எண்ணெய்ப் படலமே ரிங்கை அடைத்துக்கொண்டு நல்ல எண் காட்டும், கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுச் செய்யுங்கள். மேற்குக் கனடாவின் கால்கரி நகரில் இருப்பவர்கள் 150ஐ எதிர்பார்க்காதீர்கள், அது கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே, காற்றே பத்து சதவீதம் மெல்லிசு. கேஜின் வால்வு கெட்டுப்போனால் டயர் மௌத்திலிருந்து ஒன்றைக் கழற்றிப் போடாதீர்கள், பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் கேஜ் வால்வின் ஸ்பிரிங் மிக மெல்லியது, டயர் வால்வைத் திறக்கவே சிலிண்டர் மெனக்கெட வேண்டியிருக்கும், எண் மறுபடி விழும்.

அப்புறம் 116 எதனால்? பிளக் ஓட்டை வழியாக ஃபோனில் மாட்டும் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல், பூனை பிராண்டிய மாதிரி. டூ-ஸ்ட்ரோக் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று தெரியும், பெட்ரோல் போதாமல் சூடேறி பிஸ்டன் சுவரில் லேசாகப் பிடித்துக்கொண்டு, பிறகு விட்டிருக்கிறது. பெட்ரோல் ஏன் போதவில்லை என்பதற்கும் அந்தக் காலத்து ஸீ-டூவில் ஒரு பிரசித்தமான காரணம் உண்டு: சாம்பல் நிறப் பெட்ரோல் குழாய்கள். அவை உள்ளுக்குள் கரைந்து பச்சையாக ஒரு கோந்து உண்டாகும், அது நேராகப் போய் கார்ப்புரேட்டருக்குள் இருக்கும் பொடி ஜல்லடையை அடைக்கும். பிரித்தேன், ஜல்லடையில் பாதி பச்சை. எனக்கு விற்றவர் "கார்ப் எல்லாம் க்ளீன் பண்ணினது" என்று சத்தியம் செய்திருந்தார். க்ளீன் செய்தது உண்மையாகவே இருக்கலாம், குழாயை மாற்றாமல் க்ளீன் செய்தால் அடுத்த வருஷமும் க்ளீன் செய்ய வேண்டியதுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குழாயைக் கவனிக்காமல் வெறும் பிஸ்டனை மட்டும் மாற்றியிருந்தால் புது பிஸ்டனும் அதே கதிதான். ஏழாயிரம் எஸ்டிமேட்டில் குழாய் என்ற சொல்லே இல்லை, நான் இப்போதும் அந்தக் காகிதத்தை வைத்திருக்கிறேன்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வலது எஞ்சினின் மேல்பகுதியை மட்டும் கழற்றினேன், இரண்டு சிலிண்டரையும் ஒரு மெஷின் ஷாப்பில் அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸுக்கு ரீபோர் போட்டார்கள், 82 மிமீ இப்போது 82.5. புது பிஸ்டன், ரிங், கேஸ்கட் செட், இரண்டு எஞ்சினுக்கும் கறுப்புப் பெட்ரோல் குழாய், கார்ப் கிட். எல்லாம் சேர்த்து ஆயிரத்து முந்நூறுக்குள் முடிந்தது, என் மூன்று வாரயிறுதிகள் கணக்கில் வராது. பதப்படுத்தி ஓட்டி முடித்த பிறகு அதே கேஜில் 151, 150. ஏரியில் வலது எஞ்சின் இப்போது 6750. இடது மேல் எனக்குச் சின்ன சந்தேகம் வர ஆரம்பித்திருக்கிறது, அது வேறு கதை.

சரி, கேஜுக்கு வருகிறேன். 14 மிமீ அடாப்டரின் நீளம் என் பிளக்கின் மரை நீளத்தோடு சரியாகப் பொருந்துகிறது, 717க்குப் போடும் என்ஜிகே பிஆர்8இஎஸ் பிளக்கின் மரை 19 மிமீ. வாங்கும்போது பிளக்கைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ரொம்ப நீளமாக இருந்தால் பிஸ்டன் தலையில் இடிக்கும். ரப்பர் கூம்பை ஓட்டையில் கையால் அழுத்திப் பிடிக்கும் மலிவான வகையை இந்தப் படகுக்கு வாங்கவே வேண்டாம். இரண்டு எஞ்சின் நடுவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு 150 பிஎஸ்ஐயைக் கையால் அழுத்திப் பிடிக்க யாராலும் முடியாது. காற்றை வெளியேற்றும் பட்டன் நன்றாக வேலை செய்கிறது. டயல் 300 வரை இருப்பதால் எனக்கு வேண்டிய 100க்கும் 150க்கும் நடுவே கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன, வயதான கண்ணுக்குக் கஷ்டம், அதற்காக மார்க்கைக் குறைக்கவில்லை.

குறைத்தது இதற்கு: ஹோஸைத் திருகிக் கழற்றும்போது அடாப்டர் ஹோஸோடு வராமல் சிலிண்டர் ஹெட்டிலேயே தங்கிவிடுகிறது. காரில் என்றால் ஒரு சாக்கெட்டை விட்டு எடுத்துவிடலாம். இந்தப் படகில் வலது எஞ்சினின் பின் சிலிண்டருக்கு என் முழங்கைக்கு மேல் கை போகாது, ஸ்பேனர் திரும்பவும் இடமில்லை. முதல் தடவை மருமகனின் கைதான் உள்ளே போனது, எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு ஐஸ்கிரீமுக்குப் பேரம் பேசினான். இப்போது ஹோஸையும் அடாப்டரையும் வெளியிலேயே ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டு, ஹெட்டில் கையால் மட்டும் முடுக்குகிறேன், சேர்ந்தே வந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் சின்ன ஓ-ரிங் ஒன்று இதில் எங்கோ படகுக்கு அடியில் விழுந்துவிட்டது, கடையில் இருபது சென்ட்டுக்குக் கிடைத்தது. பெட்டியோடு வந்த 18 மிமீ அடாப்டர் எனக்கு எதற்கும் உதவாது, பிரிக்காமல் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.